நடுத்தரக் கை வந்தால் பெட் கட்டுவதா, செக் பண்ணுவதா?

கேள்வி: வார இறுதியில் நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறோம்; கையில் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பணம் கிடையாது, சிப்ஸ் மட்டும். பெரிய கை வந்தாலும் குப்பைக் கை வந்தாலும் எனக்குக் குழப்பமில்லை. நடுவில் இருக்கும் கைதான் படுத்துகிறது. போன வாரம் டீலர் இடத்தில் (கடைசியாகப் பேசும் இடம்) இருந்தேன், கையில் ஏஸ்-10. ஃப்ளாப் (மேஜையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) கிங்-10-4, மூன்றும் வெவ்வேறு சின்னம். எதிரில் மிச்சம் இருந்த ஒருவர் செக் (எதுவும் கட்டாமல் விடுவது) சொன்னார். நான் ஃப்ளாப், டர்ன் (நான்காவது சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் பெட் கட்டினேன். கடைசியில் அவர் கிங்-9 காட்டினார். அடுத்த ஆட்டத்தில் 8-8. ஃப்ளாப் 7-4-2. இந்த முறை பயந்து செக் பண்ணினேன். டர்னில் ஜாக் விழுந்தது, கிங்-ஜாக் வைத்திருந்தவர் ஜெயித்தார். எதை நம்பி முடிவெடுப்பது?

பதில்: இரண்டு ஆட்டத்திலும் செய்ததை மாற்றிப் போட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். தோற்றதால் இப்படிச் சொல்லவில்லை. ஜெயித்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

முதலில் ஏஸ்-10. கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் யோசிக்க வேண்டும். என்னைவிட மோசமான எந்தக் கை கால் கொடுக்கும் (அதே அளவு சிப்ஸ் போட்டுத் தொடரும்)? என்னைவிட நல்ல எந்தக் கை ஃபோல்ட் ஆகும் (சீட்டைப் போட்டுவிட்டு விலகும்)? கிங்-10-4இல் நல்ல கை எதுவும் ஃபோல்ட் ஆகப் போவதில்லை. கிங் ஜோடி கிடைத்தவர் எழுந்து போக மாட்டார். மோசமான கைகளில் கால் கொடுப்பவர் யார்? மிச்சம் உள்ள இரண்டு பத்தில் ஒன்றை வைத்திருப்பவர், குயின்-ஜாக் வைத்து ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) காத்திருப்பவர், 7-7 மாதிரி ஒரு ஜோடியை விட மனசில்லாதவர். இவர்கள் ஒரு சின்ன பெட்டுக்கு நிற்பார்கள், சில சமயம் இரண்டுக்கும் நிற்பார்கள். மூன்றாவதுக்கு நிற்க மாட்டார்கள். அதனால் ரிவரில் நீங்கள் கட்டும்போது எதிரே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் கிங்தான்.

பாட் (நடுவில் சேரும் சிப்ஸ்) எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஃப்ளாப்பில் பாட் 100 சிப்ஸ் என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பாதி பாட் கட்டி அவரும் கால் கொடுத்தால் 200, 400, 800 என்று போகும். ஏதாவது ஒரு சுற்றில் செக் பண்ணினால் 400இல் நின்றுவிடும். இரண்டாவது ஜோடியை (மேஜையின் இரண்டாவது பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடி, இங்கே பத்து) வைத்துக்கொண்டு நீங்கள் ஆட விரும்பும் பாட் அந்த 400தான். ஃப்ளாப்பில் சின்னதாகக் கட்டிவிட்டு டர்னில் செக் பண்ணினாலும் தப்பில்லை. மூன்று சுற்றும் கட்டியதுதான் பிழை.

செக் பண்ணினால் அடுத்த சீட்டை இலவசமாகக் கொடுக்கிறோமே என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. இந்த ஃப்ளாப்பில் அந்தப் பயம் தேவையில்லை. எதிரில் 7-7 இருந்தால் அவரைக் காப்பாற்றுவது மீதி இரண்டு ஏழுதான். டர்ன், ரிவர் இரண்டும் பார்த்தாலும் அது சுமார் 9 சதவீதம். ஏஸ் விழுந்தால் பொதுவாக உங்களுக்குத்தான் லாபம். குயின்-ஜாக் ஒன்றுதான் நிஜமான தொந்தரவு. அதோடு, நீங்கள் செக் பண்ணியதைப் பார்த்து உங்களிடம் கிங் இல்லை என்று எதிராளி முடிவு கட்டுவார். டர்னில் ஒன்றுமில்லாமலே ப்ளஃப் அடிப்பார், அல்லது ஃப்ளாப்பிலேயே தூக்கிப் போட்டிருக்கும் கையோடு ரிவரில் கால் கொடுப்பார்.

8-8 கதை வேறு. 7-4-2 ஃப்ளாப்பில் அந்த நேரத்தில் உங்கள் கை பெரும்பாலும் முன்னணியில் இருக்கிறது, ஆனால் எளிதில் உடையக்கூடியது. உங்கள் கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டில் 9 முதல் ஏஸ் வரை 24 சீட்டு இருக்கின்றன. அதாவது டர்னில் பாதிக்கு மேற்பட்ட தடவை உங்கள் எட்டைவிடப் பெரிய சீட்டு விழும். கிங்-ஜாக்குக்கு உதவும் சீட்டு ஆறு. இரண்டு சீட்டும் பார்க்க விட்டால் ஏறக்குறைய 25 சதவீதம் அவர் ஜோடி சேர்த்துவிடுவார். இங்கே பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பாட் வரை கட்டுங்கள். அவர் ஃபோல்ட் ஆனால் ‘கால் கிடைக்கவில்லையே’ என்று வருத்தப்படாதீர்கள். பாட்டில் தனக்கிருந்த நான்கில் ஒரு பங்கை விட்டுவிட்டுப் போகிறார். 7 ஜோடி, 6-6, 6-5 எல்லாம் கால் கொடுக்கும், அவை எல்லாமே உங்களுக்குப் பின்னால்தான்.

கணித மேதை ஜான் வான் நாய்மான், ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட நூலில் போக்கருக்கு ஒரு எளிய மாதிரியைக் கொடுத்தார். அதில் மிக நல்ல கையும் மிக மோசமான கையும் பெட் கட்டும், நடுவில் உள்ளது செக் பண்ணும். நல்லது மோசமான கைகளிடம் கால் வாங்குவதற்காக, மோசமானது ப்ளஃபுக்காக. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஆனால் அந்த மாதிரியில் இனிமேல் விழ வேண்டிய சீட்டு என்று எதுவும் கிடையாது. எனவே அது ரிவருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஃப்ளாப்பிலும் டர்னிலும் வரப்போகும் சீட்டு நடுத்தரக் கையைக் கெடுக்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஏஸ்-10ஐயும் 8-8ஐயும் பிரிப்பது அதுதான்.

ரிவருக்கு ஒரு கணக்கு போதும். எதிராளி செக் பண்ணிவிட்டார், நீங்கள் கடைசியாகப் பேசுகிறீர்கள். அவர் ஃபோல்ட் ஆனால் செக் பண்ணி ஜெயித்திருப்பதைவிட எதுவும் கூடுதலாக வரப்போவதில்லை. கால் கொடுத்தால் மட்டுமே அந்த பெட்டால் லாபமோ நஷ்டமோ. எனவே அவர் கால் கொடுக்கக்கூடிய கைகளில் பாதிக்கு மேல் உங்களைவிட மோசமாக இருந்தால் கட்டுங்கள், இல்லாவிட்டால் செக் பண்ணிக் கையைக் காட்டுங்கள். உங்கள் கிங்-10-4 ஆட்டத்தில் மூன்றாவது பெட் இந்தக் கணக்கில் தேறாது.

முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் இன்னும் அதிகமாகச் செக் பண்ணுங்கள், ஆனால் செக் பண்ணியதாலேயே கையை விட்டுவிடாதீர்கள். அவர் பாதி பாட் கட்டினால் நான்கில் ஒரு தடவை நீங்கள் ஜெயித்தாலே அந்த கால் நஷ்டமில்லை. நான்கைந்து பேர் ஃப்ளாப் பார்க்கும்போது யாரோ ஒருவரிடம் கிங் இருக்கும் வாய்ப்பு வெகுவாக ஏறிவிடும், அப்போது ஏஸ்-10ஐ அடக்கியே வாசியுங்கள்.

நண்பர்கள் ஆட்டம் என்பதால் இன்னொன்று. எதற்கும் ஃபோல்ட் பண்ணாத ஒருவர் உங்கள் மேஜையிலும் இருப்பார். அவருக்கு எதிராக இரண்டாவது ஜோடியை வைத்துக்கூட இரண்டு சுற்று மூன்றில் ஒரு பங்கு பாட் கட்டலாம். 4 ஜோடியோடும் வெறும் ஏஸோடும் கால் கொடுப்பார். அவரிடம் ப்ளஃப் மட்டும் வேண்டாம். எப்போதும் அமைதியாகக் கால் கொடுத்துவந்த அதே ஆள் திடீரென்று ரைஸ் பண்ணினால் (உங்கள் பெட்டைவிட அதிகமாகக் கட்டினால்), உங்கள் நடுத்தரக் கையை யோசிக்காமல் கீழே வையுங்கள்.