கூலியும் சன்மானமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். மகன் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே பகுதிநேரமாக மொழிபெயர்ப்பு செய்கிறேன். சென்னையில் உள்ள ஒரு இணையவழிக் கல்வி நிறுவனத்துக்கு மார்ச் முதல் மே வரை எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடங்களைத் தமிழில் செய்து கொடுத்தேன். 92,000 சொற்கள், சொல்லுக்கு 65 பைசா, மொத்தம் 59,800 ரூபாய். ஜூன் 2-ஆம் தேதி பில் அனுப்பினேன். நான்கு மாதமாகிவிட்டது, ஒரு ரூபாய்கூட வரவில்லை. "அக்கவுண்ட்ஸில் இருக்கிறது மேடம்" என்கிறார்கள், அடுத்த முறை கேட்டால் "எங்களுக்கே கிளையன்ட் பணம் வரவில்லை" என்கிறார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லை, எல்லாம் மின்னஞ்சலில் பேசிக்கொண்டதுதான். இப்போது பத்தாம் வகுப்புப் பாடங்களையும் செய்யச் சொல்கிறார்கள். மறுத்தால் பழைய பணமும் போய்விடுமோ என்று பயம். அடிக்கடி கேட்டால் பணத்தாசை பிடித்தவள் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். முகநூலில் பெயர் போட்டு எழுதலாமா? கணவர், "இதெல்லாம் ஒரு வருமானமா, விட்டுத் தள்ளு" என்கிறார். நான் கடைசியாக அவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலை இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைவிட நீங்கள் இணைத்திருந்த மின்னஞ்சலைத்தான் அதிக முறை வாசித்தேன். "தொந்தரவுக்கு மன்னிக்கவும் சார். தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது எனது பேமெண்ட்டைக் கொஞ்சம் பார்த்துச் செய்தால் பேருதவியாக இருக்கும்." நான்கு மாதமாக உங்கள் பணத்தை வைத்திருப்பவர்களுக்கு நீங்கள் எழுதியது இது. எனக்குக் கோபம் வந்தது. அந்த நிறுவனத்தின் மேல் வந்தது அப்புறம்தான், முதலில் உங்கள் மேல்தான் வந்தது. எதற்கு மன்னிப்பு? யார் யாருக்கு உதவி செய்வது? குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து 92,000 சொற்கள் செய்திருக்கிறீர்கள். ஒளிச்சேர்க்கையையும் மின்னோட்டத்தையும் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் கொண்டுவருவது லேசான வேலையா?

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளாகவே இதை நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்து நின்றது.

என் அப்பா கும்பகோணத்தில் போர்டு எழுதுகிறவர். ஃபிளெக்ஸ் வராத காலம். தகரத்தில் எனாமல் அடித்து, காய்ந்த பிறகு சுண்ணாம்பு தேய்த்த நூலை இழுத்துத் தட்டிக் கோடு விழவைத்து, அணில் முடி பிரஷ்ஷால் எழுத்தைக் கட்டுவார். பாதிப் பணம் முன்பணம், மீதி போர்டு மாட்டிய பிறகு. மீதியை வாங்க அவருக்கு ஒரு வழி இருந்தது. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார். 'ஸ்டோர்ஸ்' என்று முடியவேண்டிய போர்டு 'ஸ்டோர்ஸ' என்று நிற்கும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அதை அப்படியே வாசித்துக் காட்டுவார்கள். கடைக்காரருக்கு இரண்டு நாள் பொறுக்காது, ஆள் அனுப்புவார். அப்பா போய்ப் பணத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறிப் புள்ளி வைத்துவிட்டு வருவார். சண்டை கிடையாது, ஒரு சுடுசொல் கிடையாது.

1992 மகாமகத்துக்கு அந்த வழக்கத்தை அவர் கைவிட்டார். அந்த மார்கழியிலும் தையிலும் ஊரில் பாதிக் கடைகள் புது போர்டு மாட்டின. அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. கைக்காசு போதாமல் பெயிண்ட்டைக் கடனில் வாங்கினார். "மகாமகத்துக்கு ஊரே வருது, குறையோட நிக்கக்கூடாதுப்பா" என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். அவரும் எல்லாப் புள்ளிகளையும் வைத்துவிட்டார். பணம் திருவிழா முடிந்ததும் என்று பேச்சு. பிப்ரவரி 18-ஆம் தேதி தீர்த்தவாரி அன்று குளக்கரை நெரிசலில் சிக்கிப் பலர் செத்துப்போனார்கள். ஊர் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரத்தில் போய் யாரிடம் பணம் கேட்பது? அப்பா ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்டபோது, ஒவ்வொருவரிடமும் தயாராக ஒரு பதில் இருந்தது. எதிர்பார்த்த வியாபாரம் நடக்கவில்லை, சரக்கு தேங்கிவிட்டது, மொத்த வியாபாரிக்கே இன்னும் கொடுக்கவில்லை. பொய் என்று சொல்ல மாட்டேன், சிலருக்கு உண்மையாகவே கஷ்டம்தான். ஆனால் பெயிண்ட் கடைக்காரர் அப்பாவிடம் இந்தக் கதையை எல்லாம் கேட்கவில்லை. பங்குனியோடு கடன் கொடுப்பதை நிறுத்தினார். பெயிண்ட் இல்லாததால் அந்த வருஷம் கல்யாண சீசன் வேலைகள் எல்லாம் வேறு ஆளுக்குப் போயின.

பெரிய பாக்கி ஒரு பாத்திரக் கடையில் இருந்தது. 1,850 ரூபாய். எனக்கு அப்போது 13 வயது. சனிக்கிழமை சனிக்கிழமை என்னை சைக்கிளில் அனுப்புவார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார் முதலாளி. ஒரு கோலி சோடா வரும். "அப்பாகிட்ட வர்ற வாரம்னு சொல்லு தம்பி." வாடிக்கையாளர்கள் வந்து போவார்கள், பணம் என் கண் முன்னாலேயே கல்லாவில் விழும். எட்டு வாரமோ ஒன்பது வாரமோ போனேன். அந்தச் சோடாவைக் குடிக்காமல் இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. குடித்துவிட்டுக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

வைகாசியில் அந்தக் கடைக்கு 25-ஆம் ஆண்டு விழா. அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, ஒரு ஜோடி குத்துவிளக்கைத் தாம்பூலத்தோடு கையில் கொடுத்தார்கள். "நம்ம ஓவியருக்கு நம்ம கடையோட சின்னச் சன்மானம்" என்று மைக்கில் சொன்னார் முதலாளி. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு அப்பாவால் அந்த 1,850 ரூபாயைக் கேட்கவே முடியவில்லை. "இதை வச்சு வீட்டு வாடகை குடுக்க முடியுமா?" என்று அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். அந்த விளக்குகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. அம்மா ஒரு கார்த்திகைக்குக்கூட அவற்றை ஏற்றியதில்லை.

அன்றிலிருந்து எனக்கு 'சன்மானம்' என்ற சொல்லைக் கண்டால் ஆகாது. சன்மானம் கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது. இன்று கொடுக்கலாம், ஆறு மாதம் கழித்துக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம், வாங்குகிறவர் கேட்கக்கூடாது. கூலி அப்படி இல்லை. வேலை முடிந்த நிமிஷத்திலிருந்து அது கடன். களை எடுக்கப் போன பெண் சாயங்காலம் வரப்பில் நின்று கூலி கேட்கும்போது "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்று சொல்வதில்லை, கையை நீட்டி வாங்கி எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள். படித்தவர்களாகிய நமக்குத்தான் அந்தச் சொல் கசக்கிறது. 'கூலிக்கு மாரடிக்கிறது' என்று ஏளனமாகப் பேசிப் பேசியே அதை அசிங்கமாக்கிவிட்டோம். பத்திரிகைக்காரர்கள் சன்மானம் என்கிறார்கள், அலுவலகங்களில் மதிப்பூதியம், தொகுப்பூதியம். கல்லூரியில் நிரந்தரமில்லாமல் பாடம் எடுப்பவருக்குக் 'கௌரவ விரிவுரையாளர்' என்று பெயர். சொல்லில் கௌரவத்தைக் கொடுத்துவிட்டால் பணத்தில் குறைக்கலாம், தாமதிக்கலாம் என்று ஆகிவிட்டது. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி எல்லாம் சொல்லிக்கொடுக்கப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். அப்போது மே மாதம் அதுவும் கொடுக்கவில்லை. மே மாதத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அரசே இப்படிச் செய்தால் உங்கள் சென்னை நிறுவனம் யாரைப் பார்த்து வெட்கப்படும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லை என்று கவலைப்படாதீர்கள். வேலையின் அளவு, விலை, அவர்கள் 'ஓகே' சொன்னது, நீங்கள் கோப்புகளை அனுப்பியது எல்லாம் மின்னஞ்சலில் இருக்கிறதல்லவா, அதுதான் ஒப்பந்தம். ஒன்றையும் அழிக்காதீர்கள். "அடுத்த வாரம் போட்டுடறோம் மேடம்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அது இன்னும் நல்லது, பணம் பாக்கி இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதனால் இனிமேல் தொலைபேசியில் கேட்காதீர்கள். பேசினாலும், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். வழக்கு என்று போனால் பொதுவாக மூன்று வருஷம் அவகாசம் உண்டு, அதை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம்.

வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். அந்த நிறுவனம் உங்கள் பெயரில் வரி பிடித்துக் கட்டியிருந்தால் அவர்கள் கணக்கில் உங்கள் பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் 'அக்கவுண்ட்ஸில் இருக்கிறது' என்ற பேச்சுக்கு இடமில்லை.

ஆலைத் தொழிலாளர்களுக்கு 1936-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்றது. உங்களைப் போலத் தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்குக் கை கொடுப்பது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம். அதன்படி, எழுதிக்கொண்ட கெடு இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். கெடு எழுதிக்கொண்டாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டி. 2024-இல் வங்கி விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு என்றால் 20.25. உங்கள் 59,800 ரூபாய்க்கு அந்தக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வட்டி ஏறும். 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கிற வரைக்கும் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது. கணக்குப் பிரிவுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் இதற்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் செய்பவர் என்று அரசிடம் செய்துகொள்ளும் பதிவு வேண்டும். இணையத்தில் ஆதாரும் பான் எண்ணும் வைத்துச் செய்யலாம், கட்டணம் கிடையாது. வேலையை முடித்துக் கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு இந்தச் சலுகை வராது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் நடந்து முடிந்த வேலைக்கு வக்கீல் நோட்டீஸ்தான் அடுத்த படி. இனி வரும் வேலைக்கு இன்றைக்கே பதிவு செய்யுங்கள். மாதக்கணக்கில் பணம் கேட்டு அலைகிறவர்கள் ஐந்து நிமிஷப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம் என்று என் வாசகர்களில் இந்த மாதிரி வேலை செய்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முகநூல் இப்போது வேண்டாம். கணவர் சொல்வதையும் மனதில் வைக்காதீர்கள். கிளையன்ட் கதை உங்கள் கவலையே இல்லை, அவர்களுக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் அலுவலக வாடகையையும் கரண்ட் பில்லையும் கிளையன்ட் பணம் வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்களா?

பத்தாம் வகுப்புப் பாடங்களைச் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். பழைய பாக்கி கைக்கு வரும்வரை ஒரு வரிகூடச் செய்யாதீர்கள். மறுத்தால் பழையது போய்விடும் என்பது வீண் பயம். அவர்களுக்கு உங்கள் தமிழ் தேவைப்படுகிறது, அதனால்தான் மறுபடியும் வந்திருக்கிறார்கள். நான்கு மாதத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிற ஒரே நேரம் இதுதான். பணம் வந்த பிறகு செய்வதானால் பாதி முன்பணம், மீதி பாடம் பாடமாக. கடைசிப் பாடத்தின் கோப்பு, கடைசித் தவணை வங்கியில் விழுந்த பிறகு.

இன்று ராத்திரியே இப்படி ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்:

"வணக்கம். ஜூன் 2-ஆம் தேதி நான் அனுப்பிய பில்லுக்கு 59,800 ரூபாய் இன்னும் வரவில்லை. பில்லை மறுபடியும் இணைத்திருக்கிறேன். இந்த மாதம் 20-ஆம் தேதிக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். அதற்குள் வராவிட்டால் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புவேன். இந்தத் தொகை வந்த பிறகே பத்தாம் வகுப்புப் பாடங்களைப் பற்றிப் பேச முடியும். நன்றி."

இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். உங்கள் கை பழக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று போகும், அழித்துவிடுங்கள். கணக்குப் பிரிவு முகவரிக்கும் நிறுவனத்தின் தலைவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். 21-ஆம் தேதி என்ன ஆயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.