சித்திரைத் திருவிழாவில் ஜூம் எச்6 என்ற கையடக்க ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டு பதிவு செய்யக் கேமரா பையே போதுமா?

வீட்டிலிருந்து ஆற்றங்கரை வரை கொண்டுபோகக் கேமரா பை போதும். வைகைக்குள் கூட்டத்தில் நின்று பதிவு செய்ய அது உதவாது. கருவியை வெளியே எடுக்காமலே ஒலியளவு மீட்டரைப் பார்க்கவும், அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் லெவல் குமிழைத் திருப்பவும் முடிகிற பைதான் வேலைக்கு ஆகும்.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எச்6-இன் அகலம் ஏறக்குறைய 8 செ.மீ., நீளம் 15 செ.மீ. அதைப் பார்த்துச் சின்னப் பையாக வாங்கினால், இரு பக்கமும் வெளி மைக் கேபிள்களின் எக்ஸ்எல்ஆர் பிளக் (மூன்று முனை உருளை பிளக்) மாட்டியதும் பை மூடாது. நேர் பிளக் ஒவ்வொன்றும் 5 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். கேபிள் வளையவும் இடம் வேண்டும். உள் அகலம் 24 செ.மீ. இருக்கட்டும். ‘எல்’ வடிவ பிளக் என்றால் 18 போதும். ஆனால் கேபிள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள், பக்கத்துப் பிளக்கை இடிக்கும்.

பைக்குள் இருக்கும்போது கருவியின் மேலே உள்ள எக்ஸ்ஒய் மைக்கின் (குறுக்காக நிற்கும் இரட்டை மைக்) டிராக்குகளை அணைத்துவிடுங்கள். அது துணி உரசுவதைத்தான் பிடிக்கும். வெளி மைக்கும் பையின் சத்தத்திலிருந்து முழுக்கத் தப்பாது. வெல்க்ரோவைப் பிரிக்கும் ‘பர்ர்’ சத்தம் கையெட்டும் தூரத்து மைக்கில் தெளிவாக விழும். மூடிக்கு வெல்க்ரோ வேண்டாம். பித்தானோ சுருக்குக் கயிறோ போதும். ஜிப்பின் இரும்பு நாக்கைக் கழற்றிவிட்டு நூல் முடியுங்கள். தோள்பட்டைக் கொக்கிகள் கிணுகிணுக்காமல் துணி டேப் சுற்றுங்கள். வழவழ நைலானை விடக் கேன்வாஸ் அமைதியானது.

இந்தத் திருவிழாவில் தண்ணீர் வானத்திலிருந்து வர வேண்டியதில்லை. கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போதும், ராமராயர் மண்டபத்துத் தீர்த்தவாரியிலும் பக்தர்கள் தோல் பையிலிருந்து பீய்ச்சும் துருத்தி நீர் எல்லாப் பக்கமும் பாயும். மேல் மூடி பையின் விளிம்பைத் தாண்டி நாலு விரலாவது தொங்க வேண்டும். கேபிள் வெளியேறும் துளை பக்கவாட்டில் இருக்கட்டும். கேபிளைத் துளைக்குக் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே கொண்டுபோங்கள். வழிந்து வரும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நெரிசலில் யாராவது கேபிளை இழுத்தால் அந்த இழுப்பு நேராகக் கருவியின் சாக்கெட்டில் விழும். 3.5 மி.மீ. ஹெட்போன் சாக்கெட் அப்படித்தான் ஆட்டம் காண்கிறது. பையின் உள்சுவரில் இரண்டு நாடாக்களைத் தைக்கச் சொல்லி, ஒவ்வொரு கேபிளையும் ஒரு வளையம் விட்டு நாடாவில் இறுக்கிக் கட்டுங்கள். இழுப்பைப் பை தாங்கிக்கொள்ளும்.

ஒற்றைத் தோள்பட்டை கூட்டத்தில் சுழன்று முதுகுக்குப் போய்விடும். நெஞ்சில் நிற்கும் இரட்டைப் பட்டை வாங்குங்கள், பட்டை அகலம் 38 மி.மீ.க்குக் குறையாமல். தைத்து வாங்குவதானால் பட்டை முனைகளை நாற்புறமும் தைத்து, நடுவே பெருக்கல் குறியாகவும் தைக்கச் சொல்லுங்கள். வெறும் ஒற்றைத் தையல் அங்கேதான் பிரியும்.

மற்றவை சுருக்கமாக: 48 வோல்ட் ஃபேண்டம் (கருவியே வெளி மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம்) போட்டால் பேட்டரி வேகமாக இறங்கும், மாற்றுக்கு எட்டு ஏஏ பேட்டரிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள், சாவி, சில்லறையோடு சேர்ந்து கிடந்தால் ஷார்ட் ஆகும். செல்போனைப் பைக்குள் வைக்காதீர்கள், அதன் சிக்னல் ‘டிட்டிட்டிட்’ என்று பதிவில் ஏறலாம். சித்திரை வெயிலில் கறுப்புப் பை கொதிக்கும், மேலே வெள்ளைத் துண்டு போடுங்கள்.

உள்ளே மெத்தைக்குச் சாதாரண ஸ்பாஞ்சு வேண்டாம். ஈரக்காற்றில் சில வருடங்களில் அது பிசுபிசுப்பான பொடியாகி, குமிழ்களுக்குள் இறங்கும். 10 மி.மீ. ஈவிஏ ஷீட் (ரப்பர் போன்ற அடர்ந்த நுரை ஷீட்) வெட்டிப் போடுங்கள். வீடு திரும்பியதும் கருவியை எடுத்துவிட்டு, பையைத் தலைகீழாகத் தட்டி ஆற்று மணலை உதறி, நிழலில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள்.