டாமரின் குட்டி வாங்கலாமா?

கேள்வி: உள்ளங்கையில் அடங்குகிற டாமரின் குரங்குக் குட்டி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. காட்டில் பிடித்ததில்லை, கூண்டில் பிறந்து புட்டிப்பாலில் வளர்ந்தது, ஆளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள். வாங்கலாமா? சரிப்படவில்லை என்றால் காட்டில் விட்டுவிடலாம்தானே?

பதில்: வாங்காதீர்கள். காட்டில் விடுவதும் நடக்காது.

விற்பவர் பெருமையாகச் சொல்கிற அந்தப் புட்டிப்பாலில்தான் கோளாறே இருக்கிறது. டாமரின் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். பால் கொடுப்பது தாய் என்றாலும், சுமக்கிற வேலையை அப்பாவும் மூத்த பிள்ளைகளும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும். தம்பி தங்கையைச் சுமந்து பழகிய குரங்குக்குத்தான் பிற்பாடு தன் குட்டியை வளர்க்கத் தெரிகிறது. பழகாதவை பெற்ற குட்டியையே கைவிட்டுவிடுவது உண்டு. இந்தக் குடும்பத்திலிருந்து பிய்த்தெடுத்த குட்டி உங்களோடு ஒட்டிக்கொள்கிறது என்றால் அது பாசமில்லை, அந்த வயதில் யார் முதுகையாவது பற்றியிருக்க வேண்டும், கிடைத்தது உங்கள் தோள், அவ்வளவுதான்.

இரண்டு வயதை ஒட்டிப் பருவத்துக்கு வந்ததும் கதை மாறும். கடிக்கும். மூத்திரத்தையும் சுரப்பிகளின் வாடையையும் தேய்த்து வீடு முழுக்க எல்லை போடும், நீங்கள் துடைக்கத் துடைக்க மறுபடி போடும். கோரைப் பற்களைப் பிடுங்கிவிட்டுக் குரங்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன சொல்ல?

தீனியும் பழத்தோடு முடிந்துவிடாது. பூச்சி, மரப்பிசின் எல்லாம் வேண்டும். வைட்டமின் டி3 தேவை மற்ற பல விலங்குகளைவிட அதிகம். வெயிலோ அதற்கு ஈடான புற ஊதா விளக்கோ இல்லாமல் வீட்டுக்குள் அடைத்தால் எலும்பு மெலிந்து வளைந்துவிடும்.

'கூண்டில் பிறந்தது' என்ற பேச்சையும் அப்படியே நம்பிவிடாதீர்கள், காகிதத்தில் எதையும் எழுதலாம். வடமேற்குக் கொலம்பியாவில் மட்டுமே வாழும் பஞ்சுத்தலை டாமரினை எடுத்துக்கொள்ளுங்கள், அரைக்கிலோ கூடத் தேறாத பிராணி. 1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகங்களுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 1974இல் கொலம்பியா ஏற்றுமதியைத் தடை செய்தது, அப்புறம் காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலிலும் அது சேர்ந்தது. ஆனாலும் காடழிப்பும் திருட்டு வியாபாரமும் ஓயவில்லை, இன்று அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனம். உங்களுக்கு வரும் குட்டி உண்மையிலேயே கூண்டில் பிறந்ததாகவே இருக்கட்டும், அதைத் தோளில் வைத்து நீங்கள் போடுகிற வீடியோவைப் பார்த்து எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கிறவருக்கு எங்கிருந்து பிடித்துக் கொடுப்பார்கள்?

காட்டில் விடுகிற யோசனைக்கு பிரேசிலின் தங்கச் சிங்க டாமரின் கதையே போதும். 1970களில் காட்டில் சில நூறுதான் மிஞ்சியிருந்தன. 1984 முதல் உயிரியல் பூங்காக்களில் பிறந்தவற்றை நிபுணர்கள் பயிற்சி கொடுத்துக் காட்டில் விட்டார்கள், உணவு வைத்துப் பின்னாலேயே கண்காணித்தார்கள். அப்படியும் முதலில் விட்டவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. ஆடுகிற மெல்லிய கிளையில் நடக்கவும், மரப்பொந்தில் இரை தேடவும் அவற்றுக்குத் தெரியவில்லை. காட்டிலேயே பிறந்த அவற்றின் குட்டிகள்தான் தேறின. இப்போது எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருக்கிறது, பல பதிற்றாண்டு உழைப்புக்குப் பிறகு. தனியாக வளர்ந்த ஒற்றைக் குரங்கை நீங்கள் கொண்டுபோய் விட்டால் அது சாகும், அல்லது தன்னிடமுள்ள நோயை அங்குள்ளவற்றுக்குக் கொடுக்கும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வனத்துறையிடமோ, குரங்குகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடமோ ஒளிக்காமல் சொல்லுங்கள். அதுவரை குட்டியைக் கதகதப்பாக வையுங்கள், பசும்பால் ஊற்றாதீர்கள். உதட்டில் ஹெர்பிஸ் கொப்புளம் இருக்கிறவர் கிட்டேயே போக வேண்டாம்: நமக்குச் சில நாளில் ஆறிவிடுகிற அந்த வைரஸ் டாமரினைக் கொன்றுவிடும்.