ராஜினாமா எழுதிக் குடுக்காதீங்க தம்பி

கடையத்துல இருந்து கிரீன் கார்டுல நியூஜெர்சி வந்து ரெண்டு வருஷம் வேலை பாத்தாச்சு. இப்ப 'பெர்ஃபார்மன்ஸ் போதாது'ன்னு அனுப்புதாங்க, வேலை போனவங்களுக்கு மாநிலம் குடுக்கிற அன்எம்ப்ளாய்மென்ட் பணம் கேக்கலாமா, இல்ல கௌரவமா ராஜினாமா பண்ணிரலாமான்னு கேட்டிருக்கிய.

ராஜினாமா மட்டும் வேண்டாம் தம்பி. தானா விட்டுட்டுப் போறவங்களுக்குத்தான் பொதுவா அந்தப் பணம் கெடைக்காது. அவங்களா அனுப்பினா, வேணும்னே தப்பு செஞ்சாதான் சிக்கல். வேலை சரியா வரலைங்கிறது அந்தத் தப்புல சேராது. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 1941லயே ஒரு டாக்சி டிரைவர் வழக்குல இதப் பிரிச்சுச் சொல்லிட்டு. பல மாநிலங்கள் அதத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

நான் இப்ப லீவுல பாளையங்கோட்டையில இருக்கேன். எங்க அத்தான் கேக்காரு, "எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல குடுப்பாவளே, அந்த உதவித்தொகையா மாப்ள?" அது பதிஞ்சு 5 வருஷம் காத்துக் கெடந்தவனுக்கு. இது வேலை பாத்தவனுக்கு. உங்க சம்பளச் சீட்ட எடுத்துப் பாருங்க, யூஐன்னு (அன்எம்ப்ளாய்மென்ட் இன்சூரன்ஸ்) ஒரு பிடித்தம் இருக்கும். பெரும்பாலான மாநிலங்கள்ல முதலாளி மட்டுந்தான் கட்டுவான். நியூஜெர்சியில நம்மகிட்டயும் பிடிக்காங்க. பெறகு கேக்கதுக்கு என்ன வெக்கம்? 'அரசாங்கக் காசு வாங்கினா பின்னால சிட்டிசன்ஷிப்புக்கு வம்பு'ன்னு எவனாவது சொன்னா காதுல போடாதீங்க. இது இன்சூரன்ஸ், தருமம் இல்ல.

அனுப்புத அன்னைக்கு கம்பெனி பிசி-10ன்னு ஒரு தாள் தரணும், இந்தப் பணத்துக்கு எப்படி விண்ணப்பிக்கதுன்னு சொல்லுத தாள். தரலைன்னா கேட்டு வாங்குங்க. அந்த வாரமே ஆன்லைன்ல விண்ணப்பத்தப் போட்டுருங்க. 'டிஸ்சார்ஜ்'னுதான் (அவங்களா அனுப்பினது) போடணும், 'க்விட்' (தானா விட்டது) இல்ல. ரெண்டு பக்கமும் விசாரிப்பாங்க. அனுப்புததுக்கு முன்னால பிஐபின்னு, 'வேலையத் திருத்திக்க'ன்னு கெடு வச்சு ஒரு கடுதாசி குடுத்திருப்பாங்கல்லா, அத பத்திரமா வைங்க. அவமானமாத்தான் இருக்கும். ஆனா 'டார்கெட் எட்டலை'ன்னு கம்பெனியே எழுதினது உங்களுக்குத்தான் சாட்சி. பணம் இல்லைன்னு மறுத்துட்டாலும் அப்பீல் உண்டு, மறுத்து வாற கடுதாசியில போட்ட தேதிக்குள்ள.

கெடைக்கது உங்க சராசரி வாரச் சம்பளத்துல 60 சதவீதம், அதுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. அதிகபட்சம் 26 வாரம். இன்னும் வேலை இல்லன்னு வாராவாரம் சர்டிஃபை பண்ணணும், வேலையும் தேடணும்.

உங்க ரூம்மேட் எச்-1பின்னீங்க, கம்பெனிய நம்பி இருக்கிற வேலை விசா. அவர் கதை வேற. அவருக்கு 60 நாளைக்குள்ள இன்னொரு கம்பெனி கெடைக்கணும், இல்லன்னா வேற விசாவுக்கு மாறணும், அதுவும் இல்லன்னா கெளம்பணும். அன்எம்ப்ளாய்மென்ட் பெரும்பாலும் கெடைக்காது, அதுல நாளக் கடத்த வேண்டாம்னு சொல்லுங்க.

ஒண்ணு விட்டுட்டேன். இந்தப் பணத்துக்கு ஃபெடரல் வரி உண்டு. ஃபார்ம்லயே 10 சதவீதம் பிடிச்சுக்கச் சொல்லிருங்க.