ஜூலையில் பல்லாரட்: ஸ்வெட்டர் கட்டாயம்

ஆஸ்திரேலியா வெயில் தேசமாச்சே, ஜூலையில் விக்டோரியா மாநிலத்து ஊரான பல்லாரட்டில் வேலைக்குச் சேர ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். அங்கே அது நடுக் குளிர்காலம். மெல்பர்னில் பகலில் 14 டிகிரி என்றால், 400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் பல்லாரட்டில் 10தான். தெற்குக் கடலிலிருந்து வரும் காற்றும் தூறலும் சேர்ந்தால் குடை மடங்கிக்கொள்ளும். தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள். பழைய வீடுகளுக்குள்ளேயும் குளிரும். வாடகை பேசும் முன் ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள்.

பருத்திச் சட்டைகளையும் விட்டுவிடாதீர்கள். ஜனவரியில் உள்நாட்டு வடகாற்று வீசினால் 40 டிகிரியை நெருங்கும்; மாலையில் தென்காற்று வந்து சட்டென்று 20க்கு இறக்கிவிடும்.

 அப்புறம், மெல்பர்னிலிருந்து பல்லாரட்டுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்.