விரிசல் பாறையில் நீரும் நில அதிர்வு அலைகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: விரிசல்களில் நீர் நிறைந்தால் அலையின் வேகம் கூடுமா, குறையுமா?

பதில்: எந்த அலை என்பதைப் பொறுத்தது. பாறையை அமுக்கியும் தளர்த்தியும் செல்லும் பி-அலை, காற்று நிறைந்த மெல்லிய விரிசல்களின் சுவர்கள் எளிதில் நெருங்கிவிடுவதால் வேகம் இழக்கிறது. அங்கே நீர் இருந்தால், அவ்வளவு எளிதில் அமுங்காத அந்த நீர் சுவர்களைத் தாங்குவதால் இழந்த வேகத்தில் பெரும்பகுதி மீள்கிறது. பாறையைக் குறுக்காக அசைக்கும் எஸ்-அலைக்கோ, பாய்மங்களுக்கு (நீர், காற்று போன்றவற்றுக்கு) சறுக்கு விறைப்பு, அதாவது குறுக்கு அசைவை எதிர்க்கும் தன்மை, இல்லாததால், நீரும் காற்றும் ஏறத்தாழ ஒன்றே. அடர்த்தி கூடுவதால் அது சற்றுப் பிந்தலாம். தாழ்ந்த அதிர்வெண்களுக்கு 1951இல் காஸ்மன் தந்த சமன்பாடுகள் சொல்வதும் இதைத்தான்.

கேள்வி: அப்படியானால் பி-அலை மெதுவாக வந்தால் அங்கே நீர் இல்லை எனலாமா?

பதில்: கூடாது. விரிசல்கள் மிகுந்தாலும் அது மெதுவாகும்; ஆனால் அப்போது எஸ்-அலையும் மெதுவாகும், நீரோ பி-அலையை மட்டுமே பெரிதும் மாற்றும். ஆகவே பி, எஸ் வேகங்களின் விகிதத்தையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் கீசர்ஸ் புவிவெப்பக் களத்தில், மின்சாரத்துக்காக நீராவி எடுக்கப்பட்டு விரிசல் நீர் வற்றிய பகுதியில் இவ்விகிதம் தாழ்ந்து காணப்படுகிறது. ஒரு எச்சரிக்கை: நீரில் சில விழுக்காடு வாயுக்குமிழ் கலந்தாலே பி-அலை வேகம் சட்டெனச் சரியும் என்பதால், வாயு உண்டு என்று அறியலாமே தவிர, எவ்வளவு என்று அதைக்கொண்டு சொல்வது கடினம். எண்ணெய் தேடுவோர் பலமுறை ஏமாந்த இடம் இது.

கேள்வி: ஒரே பாறைக்கு ஆய்வகமும் களமும் வெவ்வேறு வேகம் காட்டுவது ஏன்?

பதில்: அலை அமுக்கும்போது மெல்லிய விரிசலிலுள்ள நீர் பக்கத்து உருண்டைத் துளைகளுக்குப் பீச்சப்படுகிறது. களத்தில் பதிவாகும் சில பத்து ஹெர்ட்ஸ் அலைக்கு, பெரும்பாலும் அழுத்தம் சமனாகப் போதிய அவகாசம் உண்டு. ஆய்வகத்தின் மெகாஹெர்ட்ஸ் அலையிலோ நீர் நகருமுன் அமுக்கம் முடிந்துவிடுவதால் பாறை விறைப்பாகத் தோன்றி வேகம் கூடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அதிர்வெண்களில்தான் நீரின் பாகுத்தன்மையால் (ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வால்) ஆற்றல் வெப்பமாகி அலை மிகவும் மங்குகிறது. திருத்தம் செய்யாத ஆய்வக எண்ணை நான் களத்துக்குப் பயன்படுத்துவதில்லை.

கேள்வி: எஸ்-அலை இரண்டாகப் பிரியுமா?

பதில்: விரிசல்கள் ஒரே திசையில் அமைந்திருந்தால் பிரியும். அவற்றுக்கு இணையாக அசையும் பகுதி முந்தும்.

கேள்வி: ‘மெது பி-அலை’ உண்மையா?

பதில்: உண்மை. துளைகளிலுள்ள நீரும் பாறைச் சட்டகமும் எதிரெதிராக அசையும் இரண்டாவது பி-அலை இது. இயற்பியலாளர் மாரிஸ் பயட் 1956இல் கணித்ததை, நீர் நிறைந்த, உருக்கி ஒட்டிய கண்ணாடி மணிகளில் 1980இல் பிளோனா என்ற ஆய்வாளர் கண்டார். தாழ்ந்த அதிர்வெண்களில் அது அலையாகச் செல்லாமல், அழுத்தம் மெல்லப் பரவிச் சமனாவதாகவே கரைந்துவிடுவதால், களப் பதிவில் அதைத் தேடிப் பயனில்லை.