எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்: பழைய ஓவிஏ வாங்குவோர் கேள்வி-பதில்

டிவிக்கும் போகாமல், தியேட்டருக்கும் போகாமல், நேராக வீடியோ கேசட்டாக விற்பதற்கென்றே ஜப்பானில் எடுக்கப்பட்ட அனிமேக்களைத்தான் ஓவிஏ என்கிறோம். 1983-இல் தொடங்கிய வழக்கம் அது. அந்தக் காலத்து அறிவியல் புனைவுகளில் அதிகம் பேசப்படாதவற்றைத் தேடி வாங்குகிறவர்களின் கேள்விகளுக்கு இம்முறை பதில்.

கேள்வி: 'அகிரா', 'கோஸ்ட் இன் தி ஷெல்' இரண்டும் பார்த்துவிட்டேன். இன்னும் பின்னால் போக ஆசை. முதல் ஓவிஏ 'டாலோஸ்' என்கிறார்களே, அதிலிருந்தே தொடங்கலாமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் முதலில் அதை வாங்காதீர்கள். 'கோஸ்ட் இன் தி ஷெல்' எடுத்த அதே மமோரு ஓஷி பங்கெடுத்த படம்தான் 'டாலோஸ்'. 1983 டிசம்பரில் வெளிவந்தது. நிலவில் சுரங்க வேலை செய்யப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பூமிக்கு எதிராகக் கிளம்புவதுதான் கதை. தாத்தாக்கள் பூமியை இன்னும் தாய்வீடாக நினைக்க, பேரன்களுக்கு அது வெறும் எஜமானன். அந்த இழுபறி இன்றைக்கும் ருசிக்கிறது. ஆனால் நான்கே பகுதிகள், அதிலும் கதை முடியாமலேயே நிற்கும். இன்னொரு வேடிக்கை: கதையின் இரண்டாம் பகுதியைத்தான் முதலில் கடைக்கு அனுப்பினார்கள், முதல் பகுதி அதற்கு அடுத்து வந்தது. சண்டைக் காட்சிகள் இருப்பதை முன்னால் தள்ளினால் கேசட் விற்கும் என்ற கணக்காகத்தான் இருந்திருக்கும். அமெரிக்காவில் நான்கையும் வெட்டி ஒட்டி ஒரே ஆங்கிலப் படமாக வெளியிட்டார்கள். பழைய கேசட் விற்பவரிடம் அதுதான் இருக்கும். அதை விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் 1985-இல் வந்த 'மெகாசோன் 23' முதல் பாகத்திலிருந்து தொடங்குங்கள். எண்பதுகளின் டோக்கியோவில் மோட்டார் பைக் ஓட்டித் திரியும் ஓர் இளைஞன் கைக்கு ஒரு ராணுவ வண்டி வந்து சேர்கிறது. அவன் வாழும் நகரமே விண்வெளிக் கப்பல் ஒன்றுக்குள் கணினி நடத்தும் நாடகம் என்பதும், டிவியில் பாடும் நட்சத்திரம் ஒரு நிரல் என்பதும் பிறகு தெரிகிறது. இதை முதலில் டிவி தொடராகத்தான் திட்டமிட்டார்கள். விளம்பரதாரர் விலகிக்கொள்ள, கேசட்டாக மாறியது. அந்த அவசரம் படத்தில் தெரியும். கடைசியில் எல்லாமே மூச்சுவாங்க ஓடும், முடிவு சட்டென்று அறுந்து நிற்கும். ஆனாலும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்காகவே இதைச் சொல்கிறேன்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். 1986-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பாத்திரங்களை வரைந்தவர் வேறு, இயக்குநரும் வேறு. அதே ஆட்களின் முகம் முற்றிலும் மாறியிருப்பதைப் பார்த்து, தவறான டிஸ்க் வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அப்புறம், முதல் பாகத்தின் காட்சிகளை எடுத்து, வேறு கதை சொல்லி, 1986-இல் 'ரோபோடெக்: தி மூவி' என்று ஒன்று செய்தார்கள். மெகாசோனுக்குப் பதிலாக அதை யாராவது தந்தால் வாங்க வேண்டாம்.

கேள்வி: 'எச்டி ரீமாஸ்டர்' என்று போட்டிருந்த புளூ-ரே வாங்கினேன். முகமெல்லாம் மெழுகு பூசியது போல் இருக்கிறது. என்னிடம் உள்ள பழைய டிவிடியே பரவாயில்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: அட்டையில் எழுதியது சட்டப்படி பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். எச்டி என்பது டிஸ்கில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதை மட்டும்தான் சொல்லும். அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று அது சொல்வதில்லை.

எண்பதுகளில் கண்ணாடித்தாள் போன்ற செல்லில் வரைந்து, வண்ணம் பூசி, ஒவ்வொரு சட்டமாக 16 எம்எம் அல்லது 35 எம்எம் ஃபிலிமில் படம் பிடித்தார்கள். அந்த ஃபிலிம் கிடங்கில் பத்திரமாக இருந்து, அதிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்திருந்தால் புளூ-ரேயில் உண்மையாகவே கூடுதல் விவரம் கிடைக்கும். தூரிகைக் கோடு தெரியும், ஃபிலிமின் மணல் போன்ற துகள் தெரியும், சில இடத்தில் செல்லில் ஒட்டிய தூசி கூடத் தெரியும். அந்தத் தூசி இருந்தால் சந்தோஷப்படுங்கள், ஸ்கேன் நேர்மையானது என்று அர்த்தம்.

ஃபிலிம் தொலைந்துபோய் ஒளிபரப்புத் தரத்து வீடியோ டேப் மட்டுமே மிஞ்சியிருந்தால் கதை வேறு. அதில் இருப்பது சுமார் 480 வரிதான். அதை 1080 ஆக இழுக்கும்போது மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. துகள்களைப் படத்தில் உள்ள குறை என்று நினைத்து வழித்துவிடுகிறது. கூடவே கோடுகளும் போய்விடும். உங்களுக்கு வந்தது இந்த ரகம்தான் என்று தோன்றுகிறது.

இதில் பலருக்கும் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. புதிய படமென்றால் தரம் கூடும் என்று நினைப்பார்கள், இங்கே தலைகீழ். 1998-இல் தொடங்கிய 'புளூ சப்மரீன் நம்பர் 6' கணினியிலேயே வண்ணம் தீட்டி, அன்றைய டிவி அளவில் முடித்த படைப்பு. ஃபிலிம் என்று ஒன்று இல்லாததால் அதை எத்தனை முறை மறுவெளியீடு செய்தாலும் இழுத்த படம்தான். அதற்குப் பத்தாண்டு முந்தைய, ஃபிலிமில் எடுத்த படைப்பு அதைவிடத் தெளிவாக இருக்கும்.

டிஸ்கோடெக் போன்ற சில அமெரிக்க நிறுவனங்கள் இதில் நாணயமாக நடந்துகொள்கின்றன. டேப் தரத்தை இழுக்காமல், பல அத்தியாயங்களை ஒரே புளூ-ரேயில் அடைத்து, இது எஸ்டி, அதாவது பழைய டிவி தரம்தான் என்று அட்டையிலேயே சொல்லிவிடுவார்கள். 'ரீமாஸ்டர்' என்று மட்டும் போட்டு மூலம் எது என்று சொல்லாத டிஸ்கை, வாங்கியவர்கள் போட்ட ஸ்கிரீன்ஷாட் பார்க்காமல் வாங்காதீர்கள். திரை முழுக்கப் படம் நிறைந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். இவை சதுரத்துக்குக் கிட்டத்தட்ட 4:3 அளவில் எடுத்தவை. அகலத் திரையை நிரப்ப வேண்டுமென்றால் மேலேயும் கீழேயும் வெட்டியிருக்க வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பிய டிஸ்க் சென்னையில் ஓடவில்லை. ஜப்பான் டிஸ்க் வாங்கினால் ஓடுமா?

பதில்: ஓடாது. உலகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியின் டிஸ்க் அந்தப் பகுதிப் பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டியிருப்பார்கள், அந்தப் பகுதிதான் மண்டலம். புளூ-ரேயில் அமெரிக்காவும் ஜப்பானும் ஒரே மண்டலம், ஏ. சிங்கப்பூர், மலேசியாவும் அதில்தான். லண்டன், பாரிஸ், சிட்னியில் இருப்பவர்களுக்கு பி. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சி. டிவிடி கணக்கு தனி: அமெரிக்காவும் கனடாவும் 1, ஜப்பானும் ஐரோப்பாவும் 2, இந்தியா 5. ஆகவே டொரொன்டோவில் இருக்கிற தம்பிக்கு ஜப்பான் புளூ-ரே ஓடும், ஜப்பான் டிவிடி ஓடாது. 4கே டிஸ்கில் மண்டலத் தொல்லையே இல்லை, ஆனால் இந்த வகைப் படங்களில் 4கே அபூர்வம்.

மண்டலத் தடையை எடுத்த பிளேயர் வாங்குவதுதான் நிரந்தர வழி. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் ஐந்தே முறை, அதற்குமேல் பூட்டிக்கொள்ளும். ஜப்பான் டிஸ்க் வாங்கத் துடிப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருக்காது.

கேள்வி: லேசர் டிஸ்க் பிளேயரோடு இருபது ஓவிஏ டிஸ்குகளை ஜப்பானிலிருந்து ஒருவர் மொத்தமாகத் தருகிறார். அட்டைப் படங்கள் அள்ளுகின்றன. வாங்கலாமா?

பதில்: அட்டைக்காக என்றால் வாங்குங்கள், சுவரில் மாட்டலாம். பார்ப்பதற்காக என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

டிவிடிக்கு முன்னால் வந்த லேசர் டிஸ்குக்கு மண்டலம் கிடையாது, அது ஒரு நிம்மதி. எல்பி ரெக்கார்டு அளவு, 30 செ.மீ. விட்டம். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடமோ 60 நிமிடமோதான். படம் அனலாக். ஜப்பான் பிளேயர் 100 வோல்ட்டில் ஓடுவது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அத்தோடு முடிந்தது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புச் செருகிகளுக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். புது டிவிகளில் அதையெல்லாம் எடுத்துவிட்டார்கள். பயோனியர் நிறுவனம் 2009-இல் பிளேயர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது, உதிரிபாகத்துக்கு இன்னொரு செத்த பிளேயரைத்தான் தேட வேண்டும்.

டிஸ்க் விஷயத்துக்கு வருவோம். இரண்டு தட்டுகளைப் பசையால் ஒட்டியதுதான் லேசர் டிஸ்க். பசை சரியில்லாவிட்டால் காற்று புகுந்து உள்ளிருக்கும் அலுமினியம் அரிக்கும். திரையில் வண்ணப் பொட்டுகளாகத் தெறிக்கும், நாளாக ஆகக் கூடும். இதைச் சரிசெய்ய வழி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பல நேரம் தெரியவும் தெரியாது. அதனால் புகைப்படம் போதாது, ஒவ்வொரு டிஸ்கும் ஓடுகிற வீடியோவைக் கேளுங்கள். தர மறுத்தால் இருபதில் எத்தனை தேறும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எடையும் உண்டு. இருபது டிஸ்கும் ஒரு பிளேயரும் சேர்ந்தால் கூரியர் செலவு பொருளின் விலையை மிஞ்சலாம். இந்தியாவில் சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

இருபதில் எவை இன்னும் புளூ-ரேயில் வரவில்லை என்று பட்டியல் போடுங்கள். அவை மூன்று நான்குதான் என்றால் அவற்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பையனுக்கு 12 வயது, ரோபோ என்றால் உயிர். கார்ட்டூன்தானே என்று 'எம்.டி. கைஸ்ட்' வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். டிவி தணிக்கைக்கு வெளியே விற்றதுதான் ஓவிஏக்களின் கவர்ச்சியே. ரத்தமும் நிர்வாணமும் தாராளம். 'எம்.டி. கைஸ்ட்', 'ஜெனோசைபர்' இரண்டும் பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும். 'மெகாசோன் 23'-இலும் படுக்கையறைக் காட்சி உண்டு. 1988-இல் தொடங்கிய 'பேட்லேபர்' ஓவிஏ ஏழு அத்தியாயங்கள் இருக்கிறது, அதைக் கொடுங்கள். கட்டட வேலைக்கு வந்த ராட்சத ரோபோக்களை வைத்துத் திருடுகிறவர்களைப் பிடிக்க ஒரு போலீஸ் பிரிவு, அதில் வேலையைவிடச் சோற்றுக்கவலைதான் அதிகம். எதிர்காலம் என்று அவர்கள் காட்டுவது 1998-ஐ. பையன் சிரிப்பான்.

கேள்வி: 'சைபர் சிட்டி ஓடோ 808' நண்பர் வீட்டில் பார்த்தபோது இசை அசத்தியது. நான் வாங்கிய டிஸ்கில் வேறு இசை வருகிறது. குறையுள்ள டிஸ்கா?

பதில்: டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. நண்பர் வைத்திருப்பது பிரிட்டிஷ் பதிப்பு. கழுத்தில் வெடிக்கும் பட்டையோடு மூன்று கைதிகள் போலீஸ் வேலை பார்க்கும் இந்த மூன்று பகுதிக் கதையை 1990-91-இல் யோஷியாகி கவாஜிரி எடுத்தார். பிரிட்டனில் மாங்கா வீடியோ நிறுவனம் வெளியிட்டபோது ரோரி மக்ஃபார்லேன் என்பவரை வைத்து இசையையே புதிதாகப் போட்டார்கள். வசனத்திலும் கெட்ட வார்த்தைகளை வாரி இறைத்தார்கள். வயது வரம்பு கூடினால் இளைஞர்கள் ஓடிவந்து வாங்குவார்கள் என்ற வியாபாரம். ஜப்பானிய மூலத்தில் அந்த வசைகள் கிடையாது. எனக்கு ஜப்பானிய இசைதான் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் பிரிட்டிஷ் இசைக்குத் தீவிர ரசிகர்கள் உண்டு. வாங்கும்போது ஒலித்தடங்களின் பட்டியலில் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதேபோல 1987-இன் 'ரோபோ கார்னிவல்' ஒன்பது குறும்படங்களின் தொகுப்பு. அமெரிக்காவில் முதலில் வெளியிட்டவர்கள் வரிசையை மாற்றிவிட்டார்கள். பழைய கேசட் வாங்கினால் அந்த மாற்றிய வரிசைதான் கிடைக்கும்.

கேள்வி: இந்திய இணையதளம் ஒன்றில் 'ஒரிஜினல்' என்று வாங்கிய டிவிடி பெட்டி நகல் என்று தோன்றுகிறது. விற்றவர் பதிலே சொல்வதில்லை.

பதில்: பெட்டியின் பின்புறம் ஜப்பானியத் தயாரிப்பாளரின் காப்புரிமை வரி இருக்கிறதா? 'எல்லா மண்டலமும்' என்று போட்டு, சீன சப்டைட்டிலோடு, உளறலான ஆங்கிலம் வருகிறதா? நீளமான தொடரை இரண்டே டிஸ்கில் திணித்திருக்கிறார்களா? முதலாவதற்கு 'இல்லை', மற்ற இரண்டுக்கும் 'ஆம்' என்றால் நகல்தான்.

விற்றவரை விட்டுவிட்டு, தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பெட்டியைப் பிரித்த படம், பில், 'ஒரிஜினல்' என்று எழுதியிருந்த பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள், அந்தப் பக்கம் நாளைக்கே மாறலாம். வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியவர்கள் கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பதே நடைமுறை.

கேள்வி: தேடிய புளூ-ரே அச்சில் இல்லை. பழைய பிரதிக்கு நான்கு மடங்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: நான் கொடுக்க மாட்டேன். உரிமக் காலம் முடிந்தால் டிஸ்க் கடையிலிருந்து மறையும், பிறகு வேறு நிறுவனம் உரிமம் வாங்கி மறுபடி கொண்டுவரும். சென்ட்ரல் பார்க் மீடியா என்ற அமெரிக்க வெளியீட்டு நிறுவனம் 2009-இல் திவாலானதும் அவர்கள் வைத்திருந்த படங்கள் எல்லாம் நடுத்தெருவில் நின்றன, பிறகு ஒவ்வொன்றாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அனிம்ஐகோ என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் 2013-இல் ரசிகர்களிடம் முன்பணம் திரட்டி 'பபுள்கம் கிரைசிஸ்' புளூ-ரே கொண்டுவந்தது. அப்போது கிடைக்காதவர்கள் அதிக விலைக்கு வாங்கினார்கள். பின்னாளில் அதே படம் சாதாரணப் பதிப்பாகவும் வந்தது. அந்தக் காலத்தில் 'பேட்லேபர்' கேசட் ஒன்றை 4,800 யென்னுக்கு விற்றதையே மலிவு என்று சொன்னார்கள், அப்படிப்பட்ட சந்தை இது. விலை எப்போதும் ஏறித்தான் தொடங்கும்.

ஒரே விதிவிலக்கு: நீங்கள் தேடுவது இதுவரை டிவிடியாகக் கூட வராத படம், விற்பவரிடம் இருப்பது சப்டைட்டிலோடு வந்த அமெரிக்க லேசர் டிஸ்க் என்றால், மேலே சொன்ன ஓடும் வீடியோவைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.